தூக்கமும் மனநிலையும்: இருதுருவக் கோளாற்றுடன் வாழும் மூத்தோருக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வழிகாட்டி

"உடம்பு நல்லா தெம்பா இருக்கு"

அவருக்கு வயது 69. பேருந்து ஓட்டுநராக வேலை செய்து ஓய்வுபெற்றவர். மனைவியுடன் ஈசூனில் மூவறை வீட்டில் வசிக்கிறார். இருதுருவக் கோளாற்றுக்காகப் பல ஆண்டுகளாக மருந்து உட்கொண்டு வருகிறார். தீபாவளிக்கு முந்திய வாரம். இரவு இரண்டு மணிக்கெல்லாம் எழுந்து அலமாரிகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டு இரவுகளாக நான்கு மணி நேரத்துக்கு மேல் அவர் தூங்கவில்லை.

"என்னங்க, இப்படித் தூங்காம இருந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று மனைவி கேட்டார்.

"எனக்கு ஒன்னும் இல்ல. உடம்பு நல்லா தெம்பா இருக்கு. வயசானா தூக்கம் குறையத்தானே செய்யும்?" என்றார் அவர்.

மனைவி அதோடு விடவில்லை. கணவர் நலமாக இருந்த காலத்தில் இருவரும் மருத்துவருடன் பேசி எழுதி வைத்திருந்த ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். "இரண்டு இரவுகள் தூக்கம் குறைந்து, களைப்பும் தெரியாமல் இருந்தால் உடனே மருந்தகத்தை அழைக்கவும்" என்று அதில் இருந்தது. அன்று காலையே அழைத்தார். மருத்துவர் அவரைப் பார்த்து மருந்தின் அளவை மாற்றினார். தீபாவளியன்று அவர் வீட்டில் பேரப்பிள்ளைகளுடன் இருந்தார்.

இது விளக்கத்துக்காக எழுதப்பட்ட எடுத்துக்காட்டுதான். ஆயினும், இருதுருவக் கோளாற்றுடன் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு இது பழக்கமான காட்சி. தூக்கம் மாறுவதை நேரத்தோடு கவனித்தால், நோய் முற்றுவதற்கு முன்பே அதைத் தடுக்க வழி உண்டு. அது எப்படி என்பதை இந்தக் கையேடு விளக்குகிறது.

இருதுருவக் கோளாறு என்பது என்ன?

மருத்துவர்கள் இதை ‘பைபோலார்’ என்று சொல்வார்கள். இந்நோய் உள்ளவரின் மனநிலை சில காலம் அளவுக்கு மீறி உயரும். அப்போது அவர் ஓயாமல் பேசலாம். தாராளமாகப் பணம் செலவழிக்கலாம். எளிதில் எரிச்சல் அடையலாம். தம்மால் எதையும் சாதிக்க முடியும் என்று நினைக்கலாம். இதை மன எழுச்சி என்கிறோம். வேறு சில காலம் மனநிலை மிகவும் தாழ்ந்துவிடும். எதிலும் நாட்டம் இருக்காது. உடல் கனத்துப் போனதுபோல் இருக்கும். இது மனச்சோர்வு. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் பலர் வழக்கம்போல் வாழ்கிறார்கள்.

இது அரிய நோய் அன்று. சிங்கப்பூரில் 2016ஆம் ஆண்டு நடத்தப்பட்ட மனநல ஆய்வின்படி, வாழ்நாளில் எப்போதாவது இந்நோயால் பாதிக்கப்பட்டவர்கள் 1.6 விழுக்காட்டினர். அதாவது, ஏறக்குறைய 63 பேரில் ஒருவர். இது யாருடைய வளர்ப்பின் குறையும் அன்று. கிரகக் கோளாறும் அன்று. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு போல இதுவும் தொடர்ந்து கவனிக்க வேண்டிய ஒரு நோய். மருந்தாலும் ஒழுங்கான வாழ்க்கை முறையாலும் இதைக் கட்டுக்குள் வைத்திருக்கலாம்.

தூக்கத்துக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு?

நம் மூளையில் ஒரு கடிகாரம் இருக்கிறது. எப்போது தூக்கம் வர வேண்டும், எப்போது விழிப்பு வர வேண்டும், எப்போது பசிக்க வேண்டும் என்பதை அது ஒழுங்குபடுத்துகிறது. காலை வெளிச்சம், சாப்பிடும் நேரம், நடமாட்டம், பிறருடன் பழகுவது ஆகியவற்றைக் கொண்டு அது நாள்தோறும் தன்னைச் சரிசெய்துகொள்கிறது.

இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கடிகாரம் எளிதில் தடுமாறும். ஓரிரு இரவுகள் கண் விழித்தால் மற்றவர்களுக்குக் களைப்பு மட்டுமே ஏற்படும். இந்நோய் உள்ள சிலருக்கோ அதுவே மன எழுச்சியைத் தொடக்கிவிடக்கூடும். மன எழுச்சி வந்ததும் தூக்கம் மேலும் குறையும். தூக்கம் குறையக் குறைய எழுச்சி கூடும். இந்தச் சுழலைத் தொடக்கத்திலேயே நிறுத்துவதுதான் முக்கியம்.

மனநிலை சீராக இருக்கும் காலத்திலும் பலருக்குத் தூக்கப் பிரச்சினை நீடிக்கிறது. "மருந்து சாப்பிடுகிறேன், மனமும் நன்றாக இருக்கிறது, ஆனால் தூக்கம் மட்டும் வரவில்லை" என்று நீங்கள் சொன்னால், அது உங்கள் கற்பனை அன்று. அதற்கும் சிகிச்சை உண்டு. "வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிட வேண்டாம். வயதானவர்களின் தூக்கம் ஆழம் குறைந்ததாக இருக்கலாம். இடையிடையே விழிப்பு வரலாம். ஆனாலும் பெரும்பாலான மூத்தோருக்கு இரவில் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் தேவைப்படுகிறது.

உங்கள் தூக்கப் பிரச்சினை எந்த வகை?

"தூக்கம் சரியில்லை" என்று மட்டும் மருத்துவரிடம் சொன்னால் போதாது. அது எந்த வகை என்பதைப் பொறுத்தே சிகிச்சை அமையும்.

1. தூக்கம் வரவில்லை, பகலில் களைப்பாக இருக்கிறது. படுத்துப் புரள்கிறீர்கள், அல்லது நடுஇரவில் விழித்த பிறகு மீண்டும் தூக்கம் வருவதில்லை. மறுநாள் கண் எரிகிறது, உடல் சோர்கிறது. இது தூக்கமின்மை. நேரம் பார்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

2. குறைவாகத்தான் தூங்குகிறீர்கள், ஆனால் களைப்பே இல்லை. மூன்று, நான்கு மணி நேரம் தூங்கினாலும் புத்துணர்ச்சியாக இருக்கிறது. மனத்தில் எண்ணங்கள் வேகமாக ஓடுகின்றன. புதிய திட்டங்கள் தோன்றுகின்றன. இது மன எழுச்சியின் முதல் அறிகுறியாக இருக்கலாம். இந்த நிலையில் நோயாளிக்கு நன்றாக இருப்பதாகவே தோன்றும். அதனால்தான் குடும்பத்தாரின் கண்ணும் தேவைப்படுகிறது. காத்திருக்க வேண்டாம், உடனே அழையுங்கள்.

3. அளவுக்கு மீறித் தூக்கம் வருகிறது. பத்து மணி நேரத்துக்கு மேல் தூங்கியும் எழ மனமில்லை. பகலிலும் படுத்தே கிடக்கிறீர்கள். இது மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தின் அளவு கூடியதாலும் இருக்கலாம். இதையும் சொல்ல வேண்டும்.

தூக்கத்தைக் கெடுக்கும் மற்றக் காரணங்கள்

மூத்தோருக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு நோய் மட்டும் இருப்பதில்லை. கீழுள்ளவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்று பாருங்கள்.

குறட்டையும் மூச்சுத் திணறலும்: பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, காலையில் தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவது ஆகியவை இருந்தால், அது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயாக இருக்கலாம். சில மனநல மருந்துகளால் உடல் எடை கூடும்போது இதற்கான வாய்ப்பும் கூடுகிறது. இந்நோய் உள்ளவர்கள் தூக்க மாத்திரை சாப்பிட்டால் மூச்சுத் தடை மோசமாகலாம். எனவே, துணைவர் "நீங்கள் ரொம்பக் குறட்டை விடுகிறீர்கள்" என்று சொன்னால் கோபப்படாமல் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரவில் அடிக்கடி சிறுநீர் கழிப்பது: நீரிழிவு, புரோஸ்டேட் வீக்கம், மாலையில் சாப்பிடும் நீர் மாத்திரை, லித்தியம் மருந்து ஆகிய எல்லாமே இதற்குக் காரணமாகலாம். மாத்திரை சாப்பிடும் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேளுங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம்.

கால் குடைச்சல்: படுத்தவுடன் காலை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற தவிப்பு சிலருக்கு வரும். உடலில் இரும்புச்சத்துக் குறைவதால் இது வரலாம். சில மனநல மருந்துகளும் இதைத் தூண்டலாம். காலுக்குத் தைலம் தேய்த்து நாட்களைக் கடத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூட்டுவலி, நெஞ்செரிச்சல், ஆஸ்துமா: வலியோ இருமலோ இருக்கும்வரை தூக்கம் சீராகாது. முதலில் அவற்றுக்குச் சிகிச்சை தேவை.

ஸ்டீராய்டு மருந்துகள்: ஆஸ்துமாவுக்கும் மூட்டு வீக்கத்துக்கும் தரப்படும் இவ்வகை மாத்திரைகள் தூக்கத்தைக் கலைக்கும், மன எழுச்சியையும் தூண்டக்கூடும். எந்த மருத்துவரிடம் போனாலும், "எனக்கு இருதுருவக் கோளாறு இருக்கிறது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால் உங்களுக்குப் பொருந்தாத மருந்து தரப்படலாம்.

நாளை ஒழுங்குபடுத்துங்கள், இரவு தானே ஒழுங்காகும்

நல்ல தூக்கத்துக்கான முயற்சி இரவில் தொடங்குவதில்லை. காலையில் எழும்போதே தொடங்குகிறது.

எழும் நேரத்தை மாற்றாதீர்கள். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும், வார இறுதியாக இருந்தாலும், ஒரே நேரத்தில் எழுங்கள். தூங்கப் போகும் நேரத்தைவிட எழும் நேரம்தான் மூளைக் கடிகாரத்துக்கு முக்கியம்.

காலை வெளிச்சத்தில் நடங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் காலை 7 மணியளவில் உதிக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன் 20 அல்லது 30 நிமிடங்கள் புளோக்கைச் சுற்றி நடந்தால்கூடப் போதும். கடைக்குச் சென்று காய்கறி வாங்கி வருவதும் நடைதான். தூக்கம் குறைந்து உற்சாகம் பொங்கும் காலத்தில் மட்டும், கூடுதல் வெளிச்சம் வேண்டாம். மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். கடைகளில் விற்கும் ஒளிச் சிகிச்சை விளக்குகளையும் நீங்களாக வாங்கிப் பயன்படுத்த வேண்டாம். அவை மன எழுச்சியைத் தூண்டக்கூடும்.

நான்கு நேரங்களை நிலைப்படுத்துங்கள். எழுவது, முதலில் ஒருவருடன் பேசுவது, சாப்பிடுவது, படுப்பது ஆகிய நான்கும் நாள்தோறும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் நடக்கட்டும். தனியாக வசிப்பவர்கள் அருகிலுள்ள துடிப்பாக மூப்படையும் நிலையத்துக்கு ஒரே நேரத்தில் சென்று வருவதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். உடற்பயிற்சி, பேச்சுத்துணை இரண்டும் அங்குக் கிடைக்கும்.

பகல் தூக்கம் குட்டித் தூக்கமாக இருக்கட்டும். மதியம் 3 மணிக்கு முன், 20 முதல் 30 நிமிடங்கள் போதும். கடிகாரத்தில் மணி வைத்துக்கொள்ளுங்கள்.

கோப்பி, தே தாரிக் மதியத்தோடு நிறுத்துங்கள். அவற்றிலுள்ள கஃபீன் பல மணி நேரம் உடலில் தங்கும். மாலை 5 மணிக்கு நண்பர்களுடன் காப்பிக் கடையில் குடித்த ஒரு ‘கோப்பி ஓ’ இரவு 11 மணிக்கும் உங்களை விழித்திருக்கச் செய்யலாம். மாலையில் பேச்சுத்துணைக்கு மட்டும் போங்கள். குடிப்பதற்கு வெந்நீரோ பாலோ கேளுங்கள். லித்தியம் சாப்பிடுபவர்கள் காப்பியைத் திடீரென்று அடியோடு நிறுத்த வேண்டாம். அப்படிச் செய்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு கூடக்கூடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

தூக்கத்துக்காக மது அருந்தாதீர்கள். "ஒரு ஸ்டௌட் குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது" என்று சிலர் சொல்வார்கள். சீக்கிரம் கண் அயர்வது உண்மைதான். ஆனால் பின்னிரவில் தூக்கம் கலைந்துவிடும். மனநல மருந்துகளுடன் மது சேர்ந்தால் மயக்கம், கீழே விழுதல் போன்ற ஆபத்துகளும் உண்டு.

படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் வீட்டை அமைதிப்படுத்துங்கள். கூடத்து விளக்கை மங்கலாக்குங்கள். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள், தொலைக்காட்சித் தொடரின் சண்டைக் காட்சிகள், பணப் பேச்சு, குடும்பத் தகராறு எல்லாம் நாளைக்கு இருக்கட்டும். மெல்லிய பாட்டு, பிரார்த்தனை, வெதுவெதுப்பான நீரில் குளியல் ஆகியவை உதவும்.

படுத்தும் தூக்கம் வராவிட்டால்

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். "இன்னும் நான்கு மணி நேரம்தான் இருக்கிறது" என்ற கணக்கே தூக்கத்தை விரட்டும். சுமார் 20 நிமிடங்கள் ஆனதுபோல் தோன்றினால், எழுந்து கூடத்தில் உட்காருங்கள். மங்கலான வெளிச்சத்தில், மனத்தைத் தூண்டாத ஒரு வேலையைச் செய்யுங்கள். துணி மடிக்கலாம், ஜபமாலை உருட்டலாம். கண் சொக்கும்போது மட்டும் கட்டிலுக்குத் திரும்புங்கள். அலமாரி துடைப்பது, சமைப்பது, கணக்குப் பார்ப்பது போன்றவற்றை ஆரம்பிக்காதீர்கள்.

இரவில் எழும்போது உடனே நிற்காதீர்கள். மனநல மருந்துகள் சில, எழுந்தவுடன் இரத்த அழுத்தத்தை இறக்கித் தலைசுற்றலை ஏற்படுத்தும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். கழிவறைக்குச் செல்லும் வழியில் சிறு இரவு விளக்கு இருக்கட்டும். வீவக வீடுகளில் மூத்தோருக்காகக் கழிவறைக் கைப்பிடிகளையும் வழுக்காத தரையையும் சலுகைக் கட்டணத்தில் அமைத்துத் தரும் ‘ஈஸ்’ திட்டத்துக்கு நீங்கள் தகுதிபெறலாம். வீவக கிளையில் விசாரியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. தூக்கமின்மைக்கு, கட்டிலில் இருக்கும் நேரத்தை வெகுவாகக் குறைக்கும் ஒரு பயிற்சி முறை உண்டு. பொதுவாகத் தூக்கமின்மை உள்ளவர்களுக்கு அது பலனளிக்கிறது. ஆனால் இருதுருவக் கோளாறு உள்ளவர்களுக்குத் தூக்கத்தைக் குறைப்பதே மன எழுச்சியைத் தூண்டலாம். யாரோ சொன்னார்கள் என்று நீங்களாக அதை முயலாதீர்கள். உளவியல் நிபுணர் அதை உங்களுக்கு ஏற்றபடி மாற்றிச் சொல்லித் தருவார்.

லித்தியம் சாப்பிடுபவர்கள் கவனத்துக்கு

லித்தியம் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் நல்ல மருந்து. அதன் அளவு இரத்தத்தில் சரியாக இருக்க வேண்டும். வயதாக ஆகச் சிறுநீரகம் மெதுவாக வேலை செய்வதால், முன்பு பொருந்திய அளவே இப்போது அதிகமாகிவிடலாம். ஆகவே இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். லித்தியத்தின் அளவோடு, சிறுநீரகமும் தைராய்டும் சரியாக இருக்கின்றனவா என்பதும் பார்க்கப்படும். தைராய்டுக் கோளாறும் தூக்கத்தைப் பாதிக்கும்.

• உடலில் நீர் குறைந்தால் லித்தியம் கூடிவிடும். வெயிலில் அலைந்தாலோ வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தாலோ உடனே மருந்தகத்தைக் கேளுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழ வேண்டுமே என்று நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது ஆபத்து. பகலில் போதிய அளவு குடித்து, படுப்பதற்கு முந்திய இரண்டு மணி நேரத்தில் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள்.

• இரத்தக் கொதிப்புக்காக உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும் லித்தியம் கூடலாம். உணவுமுறையை மாற்றும்முன் கேளுங்கள்.

• ஐபுபுரொஃபென் போன்ற வலி மாத்திரைகள், நீர் மாத்திரைகள், சில இரத்தக் கொதிப்பு மருந்துகள் லித்தியத்துடன் சேர்ந்தால் பிரச்சினை தரலாம். கடையில் வலி மாத்திரை வாங்கும்போது, "நான் லித்தியம் சாப்பிடுகிறேன்" என்று மருந்தாளரிடம் சொல்லுங்கள்.

• கை பலமாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சுக் குழறுவது, குழப்பம் ஆகியவை லித்தியம் மிகுந்துவிட்டதற்கு அடையாளம். அடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நீங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாதவை

பக்கத்து வீட்டுக்காரரின் தூக்க மாத்திரை: அவருக்கு நல்லது உங்களுக்கு நல்லதாக இருக்க வேண்டியதில்லை. தூக்க மாத்திரைகள் மூத்தோரைக் கீழே விழச் செய்யலாம், ஞாபகத்தைக் குழப்பலாம், பழக்கமாகவும் மாறலாம். ஏற்கெனவே நெடுநாளாகச் சாப்பிட்டு வருபவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரின் உதவியோடு மெதுவாகக் குறைக்க வேண்டும்.

சளி மருந்து: தூக்கம் தரும் சளி, ஒவ்வாமை மாத்திரைகளைத் தூக்கத்துக்காகச் சாப்பிடுவது சிலரின் வழக்கம். மூத்தோருக்கு அவை மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றை ஏற்படுத்தலாம்.

மூலிகை மருந்துகள்: ஊரிலிருந்து வரும் அமுக்கராக் கிழங்குச் சூரணமாக இருந்தாலும், ஜாமுவாக இருந்தாலும், சீன மருந்தாக இருந்தாலும், மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிட வேண்டாம். அமுக்கரா தைராய்டைப் பாதிக்கலாம். தூக்க மருந்தின் மயக்கத்தையும் கூட்டலாம். மூட்டுவலி உடனே போய்விடும் என்று விற்கப்படும் சில பொருள்களில் ஸ்டீராய்டு மறைவாகக் கலக்கப்பட்டிருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. புட்டியையே மருந்தகத்துக்குக் கொண்டு வந்து காட்டுங்கள். யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள்.

உங்கள் மனநல மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பகலில் தூக்கக் கலக்கமாக இருந்தால், மருந்தின் நேரத்தையோ அளவையோ மாற்றலாமா என்று கேளுங்கள். ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளை இரட்டிப்பாகச் சாப்பிடக் கூடாது.

கண் விழிக்கும் இரவுகள்

நம் வாழ்க்கையில் இரவு முழுவதும் விழித்திருக்கும் தருணங்கள் பல உண்டு. அவற்றை அடியோடு விட வேண்டும் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் திட்டமிடலாம்.

கோயிலும் வழிபாடும்: சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் இரவு முழுவதும் கண் விழிப்பது உங்களுக்கு ஏற்றதன்று. முதல் கால பூசையைப் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். தைப்பூசத்தில் பால்குடம் எடுப்பதாக இருந்தால் பகல் நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். விரதம் இருக்க நினைப்பவர்களும், நோன்பு நோற்கும் முஸ்லிம்களும் சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும். சஹர் உணவுக்காகத் தூக்கம் உடைவது, பகலில் தண்ணீர் இல்லாதது, மருந்து நேரம் மாறுவது ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுங்கள். கிறிஸ்துமஸ் நள்ளிரவு ஆராதனைக்குப் பதிலாக மாலை ஆராதனைக்கோ காலை ஆராதனைக்கோ செல்லலாம். உடல்நலத்தைக் காப்பதும் பக்திக்குக் குறைவானதன்று.

துக்க வீடு: கீழ்த்தளத்தில் இரவு முழுவதும் அமர்ந்திருப்பது உறவுக்காரருக்குக் கடமையாகத் தோன்றும். துக்கமும் தூக்கமின்மையும் சேர்ந்து வரும் இந்த நேரம் மிகவும் கவனமானது. பிள்ளைகளும் மருமக்களும் முறை வைத்து அமரலாம். "நீங்க போய்ப் படுங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்று இளையவர்களே முன்வந்து சொல்லட்டும்.

பயணம்: சென்னைக்கும் திருச்சிக்கும் போகும்போது, முடிந்தால் பகல் நேர விமானத்தில் செல்லுங்கள். இந்திய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. மருந்தை எந்த நேரத்தில் சாப்பிடுவது என்பதை மருந்தாளரிடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள். கல்யாண வீட்டில் பேச்சும் சிரிப்புமாக விடியும்வரை போகாமல் இருக்க, உடன் வருபவர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரவு வேலை: பாதுகாவலராகவும் துப்புரவாளராகவும் இரவு வேலை பார்க்கும் மூத்தோர் நம்மிடையே உள்ளனர். வேலை நேரம் பகலும் இரவும் மாறி மாறி வருவது இந்நோய்க்கு மிகவும் பாதகமானது. நிரந்தரப் பகல் வேலை கேட்க, மருத்துவரின் கடிதம் உதவலாம். பிறந்த குழந்தையை இரவில் பார்த்துக்கொள்ளும் பாட்டி தாத்தாவுக்கும் இது பொருந்தும். பேரக்குழந்தையைப் பகலில் கொஞ்சுங்கள். இரவுப் பொறுப்பைப் பெற்றோரிடமே விடுங்கள்.

தூக்கக் குறிப்பேடு

ஒரு நாள்காட்டியே போதும். காலையில் எழுந்ததும் இவற்றைக் குறியுங்கள்:

• நேற்றிரவு படுத்த நேரம், இன்று எழுந்த நேரம்
• சுமாராக எத்தனை மணி நேரம் தூங்கினேன்
• எத்தனை முறை எழுந்தேன், எதற்காக
• இன்று மனநிலை: தாழ்வு, சீர், உயர்வு
• களைப்பு இருக்கிறதா, இல்லையா
• மருந்து சாப்பிட்டேனா

எழுதத் தெரியாதவர்கள், பார்வை மங்கியவர்கள் சிவப்பு, பச்சை ஒட்டுவில்லைகளைப் பயன்படுத்தலாம். பேரப்பிள்ளைகள் குறித்துத் தரலாம். இரண்டு வாரக் குறிப்பை எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. தமிழில் எழுதியிருந்தாலும் பரவாயில்லை. தேவைப்பட்டால், மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

குடும்பத்தாருக்கு

நோயாளி நலமாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். மூன்று விஷயங்களைத் தாளில் எழுதி, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள்: அவருக்கு வரும் முதல் அறிகுறிகள் எவை, அப்போது யாரை அழைக்க வேண்டும், பெரிய செலவுகளையும் கார் ஓட்டுவதையும் யார் பார்த்துக்கொள்வது. இதில் அவரது விருப்பமும் இருக்க வேண்டும். நலமாக இருக்கையில் அவரே ஒப்புக்கொண்டது என்றால், பிறகு நினைவூட்டும்போது சண்டை குறையும்.

மன எழுச்சியில் இருப்பவருடன் வாதாடாதீர்கள். "அப்பா, நமக்கு நாமே எழுதி வெச்சது இது, ஒரு தடவை டாக்டர்கிட்டப் பேசிடுவோம்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். "உனக்குப் பைத்தியம் முத்திப்போச்சு" போன்ற சொற்கள் மனத்தைப் புண்படுத்தும், சிகிச்சையையும் தள்ளிப்போடும்.

முதிய வயதில் முதன்முறையாக இத்தகைய மாற்றங்கள் தெரிந்தால், பழைய நோய் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கவாதம், தொற்று, தைராய்டு, புதிய மருந்து ஆகியவையும் காரணமாகலாம். திடீரென்று குழப்பம் ஏற்பட்டால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

பராமரிப்பவரின் தூக்கமும் முக்கியம். இரவெல்லாம் ஒருவரே காவல் இருக்க வேண்டாம்.

எங்கே உதவி பெறலாம்?

உங்கள் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ தொடங்கலாம். தேவைப்பட்டால் அவர்கள் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ மனநலக் கழகத்துக்கோ அனுப்புவார்கள். பழைய ‘உட்பிரிட்ஜ்’ என்ற பெயரைக் கேட்டாலே தயங்கிய காலம் உண்டு. இன்று பெரும்பாலோர் வெளிநோயாளிகளாகவே வந்து சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறார்கள். இருதுருவக் கோளாறு நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் உள்ள நோய்களில் ஒன்று என்பதால், வெளிநோயாளிச் சிகிச்சைக்கு மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தலாம். விவரங்களை மருந்தகத்தில் கேளுங்கள்.

அன்றே மருத்துவரை அழைக்க வேண்டிய நிலைகள்:
• தொடர்ந்து இரண்டு இரவுகள் தூக்கம் வெகுவாகக் குறைந்தும் களைப்பு இல்லாதிருத்தல் (உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றவும்)
• பேச்சும் செலவும் கோபமும் வழக்கத்தைவிடக் கூடுதல்
• பல நாட்களாகப் படுத்தே இருத்தல், சாப்பிட மறுத்தல்

உடனே உதவி தேவைப்படும் நிலைகள்:
• "இனி இருந்து என்ன பயன்" என்று சொல்லுதல், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்
• இல்லாத குரல்கள் கேட்பது, பிறருக்குத் தீங்கு செய்யும் நிலை
• மருந்தை அளவுக்கு மீறி உட்கொண்டிருத்தல்

உயிருக்கு ஆபத்து: 995
மனநலக் கழகத்தின் 24 மணி நேர உதவித் தொலைபேசி: 6389 2222
தேசிய மனநல உதவித் தொலைபேசி: 1771
சிங்கப்பூர் சமாரிட்டன்ஸ், 24 மணி நேரம்: 1767

ஒருவருக்கு உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேளுங்கள். அவரைத் தனியே விடாமல் உடனிருங்கள்.

இன்றிரவே தொடங்கலாம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. இன்று ஒன்றே ஒன்றைச் செய்யுங்கள்: நாளை எழப்போகும் நேரத்தை முடிவு செய்து, வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். நாளைக் காலை எழுந்ததும் நாள்காட்டியில் முதல் குறிப்பை எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்த நாள்காட்டியைப் பையில் எடுத்துச் செல்லுங்கள்.

இந்தக் கையேடு பொதுவான தகவல்களை மட்டுமே தருகிறது. உங்கள் உடல்நிலைக்கேற்ற ஆலோசனைக்கு உங்கள் மருத்துவரை நாடவும்.